பித்தளை ரீலில் அம்மாவின் பேர்

எங்கள் அம்மாவுக்குப் பேர் வெட்டுகிற பைத்தியம் உண்டு. குடம், குண்டான், கரண்டி, காபி டம்ளர் எதுவானாலும் கோயில் தெருப் பாத்திரக்கடைக்குப் போய், புள்ளி புள்ளியாக அவள் பேரைக் கொத்திக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வரும். விட்டால் என் முதுகிலும் வெட்டியிருப்பாள். ஆகவே மாமா கொண்டுவந்த சாமானையும் அவள் கடைக்கு எடுத்துப் போனபோது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

மாமா, அம்மாவின் தம்பி. அறுபதுகளின் கடைசியில் விருத்தாசலத்துப் பீங்கான் பேக்டரி ஒன்றில் களிமண் பிசைகிற வேலை கிடைத்து எங்களோடு தங்கியிருந்தார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளித்துவிட்டு வந்தவர் பித்தளையில் ஒரு சக்கரம் கொண்டுவந்தார். தூண்டில் கழியில் மாட்டி நூல் சுற்றுகிற ரீல். கைப்பிடியைத் திருகினால் கிர்ரென்று சத்தம் வரும். அடேயப்பா, அதைச் சுற்றிச் சுற்றி என் விரலே வீங்கிப்போனது!

"ஏதுடா இது?" என்றாள் அம்மா.

"ஆத்தங்கரையில கெடந்துச்சுக்கா."

அம்மா ரீலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ரீலின் அடியில் யாரோ ஆணியால் கீறிய இரண்டு இங்கிலீஷ் எழுத்துகள் இருந்தன. "அந்த எழுத்து மேலயே வெட்டுங்க, நல்லா ஆழமா," என்றாள். எழுத்து கோணல்மாணலாக இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஒருவர் வீட்டுக்கு வந்தார். ரயில் டிரைவராக இருந்து ஓய்வுபெற்ற ஆங்கிலோ இந்தியர். தமிழ் நம்மைப் போலவே பேசுவார்.

"ஒங்க தம்பி ஆத்தாண்ட ஒரு ரீலு எடுத்தாராமே, பாத்தவங்க சொன்னாங்க. எங்கப்பா வச்சிருந்ததும்மா. அடியில அவரு பேரு எழுத்து கீறியிருக்கும். அடுத்த மாசம் ஊரை வுட்டே போறேன். போலீசுக்கெல்லாம் போக வேணாம்னு நேரா வந்தேன்."

சாப்பாட்டுக்கு வந்திருந்த மாமா கதவுக்குப் பின்னால் நின்றார். போலீஸ் என்று பேக்டரியில் காதில் விழுந்தாலே போதும், வேலை போய்விடும். ரீல் என் கையில் இருந்தது. அம்மா அதை வாங்கி வந்தவரிடம் நீட்டினாள்.

"இது எங்கம்மா வூட்டு சீருங்க. பேரு வெட்டியிருக்குது பாருங்க."

அவர் திருப்பிப் பார்த்தார். அம்மாவின் பேர் பளபளவென்று இருந்தது. மனிதர் முகம் அப்படியே தொங்கிப்போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொரு அதிசயத்தைக் காட்டினால் கொஞ்சம் சிரிப்பாரே என்று, "உள்ள ஒரு மீன்கூட இருக்குதுங்க! மாமா எண்ணெ போடறப்ப பாத்தேன்," என்றேன்.

மாமா அரை நாள் மல்லுக்கட்டிக் கழற்றிய திருகாணியை, வந்தவர் கண்ணால் பார்க்காமல் கைப்பழக்கத்திலேயே கழற்றினார். நூல் சுற்றுகிற உருளைக்குள், ரீலைச் செய்த கம்பெனிக்காரன் அடித்த முத்திரை. புளியங்கொட்டை அளவு மீன். அதை விரலால் தடவினார். அப்புறம் அம்மாவைப் பார்த்தார். அம்மா கதவுப் பக்கம் பார்த்தாள்.

"என்னுதுல மீன் கெடையாது பாப்பா. இது வேற," என்றார். மறுபடி பூட்டி என் கையிலேயே கொடுத்தார். "வரேம்மா" என்று படியிறங்கிப் போய்விட்டார்.

அம்மா தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். எனக்கும் அவரை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.

"அவரோடதுல மீனே இல்லியாம்மா. நம்முளத அவருக்கே குடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

மாமா என் கையிலிருந்து ரீலைப் பிடுங்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் ஓடினார். திரும்பி வரும்போது வெறுங்கையோடு வந்தார். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரோ ஒருவருக்கு ஆசைச் சாமானைத் தூக்கிக் கொடுக்கிற மாமா யாருக்கு வாய்ப்பார்? மறுநாள் ஸ்கூலில் ஒருத்தி விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.