ஆறாவது வட்டம்

எங்கள் வீட்டு ஹாலில் மத்தியானம் விசிறி போடக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. மலேசியத் துறைமுக ஊரான பாசிர் கூடாங்கின் வெயிலில் விசிறி இல்லாமல் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சட்டத்தின் கொடுமை தெரியும். சட்டம் போட்டவர் என் கணவர். காற்றடித்தால் அவருடைய விமானத்தின் சக்கரம் பறந்துவிடுமாம்.

விமானம் என்றால் உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிளாஸ்டிக் விமானம். போர்க்காலத்தில் ஜப்பான்காரன் கப்பலிலிருந்து கிளப்பிய சண்டை விமானத்தின் குட்டி மாதிரி. பெட்டிக்குள் துண்டு துண்டாக இருக்கும். வெட்டி, தேய்த்து, ஒட்டி, சாயம் பூசி நாமே உருவாக்க வேண்டும். துறைமுகத்தில் வாங்கிய முதல் சம்பளத்தில், ஜொகூர் பாருவில் ஒரு கடையில் அதை வாங்கினாராம். அப்போதே அது பழைய சரக்கு. எங்களுக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, அவள் சிங்கப்பூரில் வேலைக்குப் போகிற காலம் வரைக்கும் பெட்டி அலமாரி மேலேயே இருந்தது. வீடு மாறும்போதெல்லாம் என் தையல் மெஷினுக்கு முன்னால் அதுதான் லாரியில் ஏறும். ஒரு நாளாவது திறந்து பார்த்தாரா என்றால் இல்லை.

திறக்க வைத்தது பக்கவாதம். லேசானதுதான் என்றார் டாக்டர். லேசானது என்று சொல்ல அவருக்கென்ன! என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கப்பலிலிருந்து கண்டெய்னர்களை இறக்குகிற பெரிய கிரேன். பத்து மாடி உயரத்துக்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் லீவரைத் தள்ளி, ஒரு வீட்டையே தூக்குகிற மாதிரி தூக்கி லாரியின் மேல் வைக்க வேண்டும். கீழே ஆட்கள் நின்றுகொண்டிருப்பார்கள். அன்றைக்கு அவர் கேண்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வலது கையிலிருந்து கிளாஸ் நழுவியது. கூட இருந்த நண்பர், அவரும் கிரேன் ஓட்டுகிறவர்தான், தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் முன்னால் நடந்திருந்தால் என் கணவர் மேலே கூண்டில் இருந்திருப்பார். 

கால் சரியாகிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது, கொஞ்சம் கூடுதலாகவே. வலது கை மட்டும் அடங்கவில்லை. விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பெண், ஒரு தட்டில் பச்சைப்பயறையும் கொண்டைக்கடலையையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொன்னாள். மனிதருக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"நாப்பதடி கண்டெய்னர் தூக்கறவன் நான். என்னைப் பயறு பொறுக்கச் சொல்றாங்க லா!"

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னார். தூசியைத் துடைத்துக் கொடுத்தேன். மூடியில் கடலுக்கு மேலே பச்சை விமானம், அதன் இறக்கையில் சிவப்பு வட்டம். எனக்கு முகம் சுருங்கியது. என் தாத்தாவை லாபிஸ் எஸ்டேட்டிலிருந்து சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனவர்கள் இந்த வட்டத்துக்காரர்கள். தாத்தா திரும்பி வரவில்லை.

"உலகத்துல வேற பிளேனே கெடைக்கலையா உங்களுக்கு?" என்றேன்.

"அப்ப இது ஒண்ணுதான் கடையில இருந்துச்சு," என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "இத நானே முடிச்சேன்னா டெஸ்டுக்குப் போறேன். முடிக்கலன்னா போகல. அவ்ளோதான்."

டெஸ்ட் என்றால் துறைமுகத்தில் வைக்கிற டெஸ்ட். முதலில் டாக்டர் பார்ப்பார், பிறகு கிரேனில் ஏற்றிப் பார்ப்பார்கள். தேறினால் மறுபடியும் மேலே. இல்லாவிட்டால் கூண்டு அவ்வளவுதான். அந்தக் கூண்டு இல்லாமல் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கூண்டில் மறுபடி ஏறினால் நான் என்ன ஆவேன் என்பது நன்றாகவே தெரிந்தது.

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம். நான் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பூதக்கண்ணாடிக்குக் கீழே டுவீசர் இடுக்கியால் மிளகைவிடச் சின்னச் சாமான்களை எடுத்து வைப்பதுதான் என் பிழைப்பு. காலை ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால், இங்கே ஒரு மனிதர் அதே மாதிரிச் சாமானை நடுங்குகிற கையால் எடுக்கப் பார்ப்பார். எடுப்பார், நழுவும். எடுப்பார், நழுவும். ஒரே மூச்சில் நான் முடித்துவிடுவேன். ஆனால் நான் கையை நீட்டினால் போதும், "தொடாதே!" என்று ஒரு சத்தம். நாக்கைக் கடித்துக்கொண்டு என் கை மேலேயே நான் உட்கார்ந்துகொள்வேன்.

விமானியின் தலைக்கு மேல் மூடுகிற கண்ணாடிக் கூடு ஒன்றுதான் பெட்டியில் இருந்தது. அதில் பசை பட்டால் புகை படிந்த மாதிரி ஆகிவிடும், திருத்தவே முடியாது. அதை ஒட்டிய மத்தியானத்தை மறக்க மாட்டேன். குச்சி முனையில் பசையைத் தொட்டு, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அவர் குனிந்தார். மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி தொங்கியது. அது விழுந்தால் என்ன செய்வது என்று நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து மகள் போன் பண்ணினாள். மணிச்சத்தத்தில் அவர் கை துள்ளியது, குச்சி மேசையில் கோடு போட்டுக்கொண்டு போனது. கூட்டின் மேல் படவில்லை. நான் போனை எடுத்து, "ஆகாயத்துல இருக்கோம், அப்பறம் பேசு," என்று வைத்துவிட்டேன். அவள் பயந்துபோய் உடனே திரும்ப அழைத்தாள்.

கூடு ஒட்டிவிட்டது. சக்கரங்களும் நின்றன. மகள் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சாயத்தில் வயிற்றுப் பக்கம் சாம்பல் நிறமும் முதுகுப் பக்கம் பச்சையும் ஏறின. தூரிகையைத் தடவுகிற வேலை அவருக்குச் சுலபமாக இருந்தது. கொஞ்சம் கோணினாலும் மறுபடி தடவி மறைத்துவிடலாம். முகத்தில் சிரிப்பு வந்தது. டெஸ்ட் தேதியும் வந்தது, திங்கட்கிழமை என்று.

கடைசி வேலை அந்தச் சிவப்பு வட்டங்கள். மொத்தம் ஆறு. இறக்கைகளுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு, வாலுக்கு முன்னால் உடம்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. பெட்டியில் அதற்கென்று ஸ்டிக்கர் தாள் இருந்தது. தண்ணீரில் ஊறவைத்தால் வட்டம் தாளிலிருந்து நழுவி வரும், அப்படியே வைத்து ஒட்டிவிடலாம். அவர் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து முதல் வட்டத்தை விட்டார். இத்தனை வருஷம் வெறுமனே கிடந்த தாளல்லவா? தண்ணீர் பட்டதும் வட்டம் சுக்குநூறாக உடைந்து மிதந்தது. இரண்டாவதும் அப்படியே. அவர் முகத்தில் ஈயாடவில்லை. மீதியை நனைக்காமல் தாளை மடித்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

கையால் வட்டம் போட அந்தக் கைக்கு வராது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நல்லதாய்ப் போயிற்று, மேலே ஏற மாட்டார் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம், படுத்திருந்தவரின் முதுகைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் தவித்தது.

மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். பெண்கள் இருக்கிற வீட்டுக் கண்ணாடி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓரமெல்லாம் பழைய ஸ்டிக்கர் பொட்டுகள், நடுவில் சோப்புத் தண்ணீர் தெறித்த வெள்ளைப் புள்ளிகள். ஒரு பொட்டைப் பிய்த்து நெற்றியில் வைத்தேன். பிய்த்த இடத்தில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. சுற்றிலும் சோப்புக் கறை, நடுவில் சுத்தமான ஒரு வட்டம். அதையே பார்த்துக்கொண்டு நின்றதில் தொழிற்சாலை பஸ் போய்விட்டது.

"என்னங்க, எந்திரிங்க! சிவப்ப மொதல்ல அடிங்க. காஞ்சதும் அது மேல பொட்ட ஒட்டுங்க. ஒட்டிட்டுச் சுத்திப் பச்சைய அடிங்க. அப்பறம் பிச்சிருங்க!"

முதலில் முறைத்தார். பிறகு எழுந்து உட்கார்ந்தார். பிறகு, "எந்த சைஸ் பொட்டு இருக்கு?" என்று கேட்டார்.

பெரிய சைஸ் அளவாகப் பொருந்தியது. வலது இறக்கையின் மேல் சிவப்பைப் பூசிக் காயவைத்தார். பொட்டை ஒட்டி, ஓரத்தை நகத்தால் அழுத்தி, சுற்றிலும் பச்சையைத் தடவினார். பிய்க்கிற நேரம் வந்ததும், வலது கை விரல்களாலேயே பிய்ப்பேன் என்றார். நகம் ஓரத்தைத் தேடி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை பிடித்துத் தூக்கினார். அடியில் காம்பஸ் வைத்துப் போட்டது போல ஒரு சிவப்பு வட்டம். தாத்தாவைக் கொண்டுபோனவன் வட்டத்தை என் பொட்டை வைத்துப் போட்டிருக்கிறோமே என்று ஒரு நொடி சுருக்கென்றது. ஆனாலும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

அவர் தட்டவில்லை. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லா இருக்கு," என்றார், யாரோ வீட்டுச் சமையலைச் சொல்கிற மாதிரி. அடுத்தடுத்த நாள்களில் இன்னும் நான்கு வட்டங்கள் அதே மாதிரி விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் இன்னும் கொஞ்சம் சுண்டியது. காரணம் புரியாமல் எனக்கு எரிச்சலாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பாக்கி இருந்தது இடது இறக்கையின் மேல் வட்டம் மட்டும். பொட்டு அட்டையை நீட்டினேன். வாங்கவில்லை.

"வேணாம். இத கையால போடறேன்."

"அலமாக்! அஞ்சு அழகா வந்துருக்கு. இத ஏன் கெடுக்கறீங்க?"

"அஞ்சும் பொட்டு போட்டது. நான் போடல." தூரிகையைத் துடைத்தபடி நிமிராமலே சொன்னார். "நாளைக்கு மேல ஏறுனா லீவருக்குப் பொட்டு ஒட்ட முடியுமா? கீழ ஆளுங்க நிப்பாங்க."

 எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஹாலில் புழுக்கம் ஆளை அமுக்கியது. அவர் தூரிகையைச் சிவப்பில் தொட்டு, ஓரத்தில் வழித்து, இறக்கையின் மேல் கொண்டுபோனார். இந்தத் தடவை மணிக்கட்டை இடது கையால் பிடிக்கவில்லை. வலது கை தனியாக, காற்றில். நன்றாக வர வேண்டும் முருகா என்றேன். அடுத்த மூச்சிலேயே வரக் கூடாது முருகா என்றேன். எதைக் கேட்டு வாங்கிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேல் வளைவு அருமையாக வந்தது. அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். வலது பக்கமும் பரவாயில்லை. கீழே திரும்புகிற இடத்தில் கை ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. அவர் நிறுத்தவில்லை. கடைசி வரைக்கும் கொண்டுபோய் ஆரம்பித்த இடத்தில் சேர்த்து, நடுவையும் நிரப்பினார். ஓரம் உடைந்த அப்பளம் மாதிரி இருந்தது.

வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்று என் வாய் வரைக்கும் வந்தது.  தூரிகையைக் கழுவினார். சாய மூடிகளை ஒவ்வொன்றாகத் திருகினார். அப்புறம் போனை எடுத்து அவருடைய மேலதிகாரியிடம் மலாயில் பேசினார். நாளைக்கு டெஸ்டுக்கு வரவில்லை, மேலே ஏற மாட்டேன், கீழே ஏதாவது வேலை இருந்தால் வருகிறேன் என்றார். குரல் பிசகவே இல்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"விசிறியப் போடு லா. வேர்க்குது."

எழுந்து போய்ப் போட்டேன். எனக்கு உயிர் திரும்பி வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சந்தோஷத்தில் பாதி, அவருக்காகப் பாதி. மறைக்கவில்லை, நன்றாகவே அழுதேன். மேசைமேல் விமானத்தின் காற்றாடி தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

இப்போது துறைமுக வாசலில் கண்டெய்னர் நம்பர் சரிபார்க்கிற வேலை. விமானத்தை டிவி மேசையில், இடது இறக்கை வாசலைப் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறார். விருந்தாளி வந்தால் நான் திருப்பி வைப்பேன். அவர் மறுபடி வாசலைப் பார்த்து வைப்பார். கொஞ்ச காலம் இப்படியே ஒரு சண்டை ஓடியது.

போன தீபாவளிக்கு, அன்றைக்குக் கேண்டீனில் அவரைத் தாங்கிப் பிடித்த நண்பர் குடும்பத்தோடு வந்தார். முறுக்கைக் கடித்துக்கொண்டே விமானத்தைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அவர் இன்னும் மேலே கிரேன் ஓட்டுகிறவர். கண் கூர்மை.

"அஞ்சும் மெஷின்ல போட்ட மாதிரி இருக்கு. இது மட்டும் ஏன் இப்படி கோணலா இருக்கு? யார் போட்டது?"

என் கணவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அது மட்டுந்தான் இவர் போட்டது," என்றேன். "மத்ததெல்லாம் சும்மா பொட்டு."