அக்கா துண்டு போட்ட நாற்காலி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் தம்பி எழுதுவது. ஓராண்டு நிறைந்துவிட்டது என்கிறார்கள். எனக்கு இன்னும் அந்தச் செய்தி முழுதாக வந்து சேரவில்லை. காலையில் மாமா சுட்ட தோசைக்கு உப்புப் போதவில்லை என்று குறை சொல்லிவிட்டுப் பஸ் ஏறியவர், மதியம் இல்லை என்றால் யார்தான் நம்புவார்கள்?

அக்கா வாலிகண்டபுரத்தில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர்கள். விடுமுறை நாளெல்லாம் அவர்களோடு களை வெட்டிக்கொண்டே படித்து, கல்லூரியில் ஜியாலஜி பேராசிரியராக உயர்ந்தார். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும், கல்லாகிப்போன நத்தையும் சிப்பியும்தான் அவருக்கு உலகம். சின்ன வெங்காய வியாபாரியான எனக்கு அதில் ஒன்றும் விளங்காது. ஆனாலும் தினமும் போனில் எல்லாவற்றையும் சொல்லுவார்.

முதன்முதலாகச் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்து அழாத குறையாகச் சொன்னார்: "பெரிய பெரிய ஆளெல்லாம் வந்திருந்தாங்கடா. கிட்டப் போவவே கால் வரல. போன நேரம் பூரா ஒரு தூண்கிட்டதான் நின்னுட்டு வந்தேன்."

அடுத்த கருத்தரங்குக்குக் கைப்பையில் ஒரு நீலக்கட்டம் போட்ட துண்டோடு போனார். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியே துண்டைப் போட்டு இடம் பிடிப்பது நம் ஊர் வழக்கம். அதே வேலையைச் சாப்பாட்டுப் பந்தியில், துறையின் பெரிய அறிஞர் பக்கத்து நாற்காலியில் அக்கா செய்தார். பிறகு அது அவருடைய வழக்கமாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த இடத்தில் அவர் உட்காரவே மாட்டார். புதிதாக வந்து ஓரமாக விழித்துக்கொண்டு நிற்கும் யாரையாவது அழைத்து வந்து உட்கார வைப்பார். காதோடு ஒரு யோசனையும் சொல்லி அனுப்புவார்: "எடுத்த உடனே உங்க ஆராய்ச்சியப் பத்திப் பேசாதீங்க. ரசம் வேணுமான்னு கேளுங்க. எச்சிக் கையோட இருக்குற மனுசன் எந்திரிச்சு ஓட மாட்டாரு."

ஒருமுறை ஓர் அதிகாரி, "இது என்னம்மா, டவுன் பஸ்ஸா?" என்று எரிந்து விழுந்தாராம். "ஆமாங்க சார், மொத தடவ ஏறுறவங்களுக்குத்தான் இங்க எடமே கெடைக்க மாட்டேங்குது" என்றாராம் அக்கா. துண்டை மட்டும் எடுக்கவில்லை.

கடைசி நாளும் அரியலூரில் ஒரு கருத்தரங்கு. தா.பழூரிலிருந்து வினோதினி என்ற பெண் வந்திருந்தார். எம்.எஸ்ஸி. முடித்தவர். ஆராய்ச்சிக்கு வழிகாட்டி கிடைக்கவில்லை என்றால் கல்யாணத்தை முடித்துவிடுவதாக வீட்டில் கெடு வைத்திருந்தார்கள். அக்காவுக்கு அது தெரியும். வெளியூரிலிருந்து வந்த மூத்த பேராசிரியர் பக்கத்தில் துண்டைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து, "வாம்மா, எடம் போட்டாச்சு" என்றவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் செட்டிகுளத்தில் வெங்காய மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். மாமா போனில், "உங்கக்கா போயிட்டாப்பா" என்றார். "எங்க போயிட்டாங்க?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் அக்காவுக்குத்தான் சொல்வேன். அன்றும் மாமாவின் போனை வைத்ததும் என் கை அக்காவுக்கே போன் போட்டது. மணி அடித்தது. மாமாதான் எடுத்தார்.

கருமாதிக்கு அக்காவின் பெரம்பலூர் வீட்டில் முன்பின் தெரியாத முகங்களாக வந்து நின்றன. யாரைக் கேட்டாலும், "உங்க அக்கா எனக்கு எடம் போட்டாங்க" என்றார்கள். அந்த மூத்த பேராசிரியரும் வந்திருந்தார். பந்தியில் அவர் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வினோதினியோ பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் பொருட்களோடு திரும்பி வந்த நீலத்துண்டு என் தோளில் கிடந்தது. எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை, அந்த நாற்காலியில் போட்டுவிட்டேன்.

"ஏன்டா, கருமாதிப் பந்தியில போயி துண்டு போடுற?" என்று பெரியப்பா அதட்டினார்.

"அக்கா புடிச்ச எடம் பெரியப்பா" என்றேன்.

வினோதினியை அழைத்து வந்து உட்கார வைத்தேன். இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு மெதுவாக, "ரசம் வேணுங்களா சார்?" என்றார்.

பேராசிரியரின் கை இலையிலேயே நின்றுவிட்டது. "அன்னைக்கு என் பக்கத்துல கெடந்த துண்டு உனக்குப் போட்டதாம்மா?" என்று கேட்டார். வினோதினி தலையாட்டினார். அப்புறம் இருவரும் எழுந்திருக்க நெடுநேரம் ஆனது. அடுத்த பந்திக்காரர்கள் காத்து நின்றார்கள். நான் யாரையும் எழுப்ப விடவில்லை.

அன்று அக்காவைத் தாங்கி வண்டியில் ஏற்றிய மாணவர்களுக்கும், எங்களை விட்டு அகலாமல் துணைநின்ற அக்கம்பக்கத்தாருக்கும், தொலைவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் கை நனைத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. வினோதினி இப்போது அந்தப் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவி. சேர்ந்த அன்று எனக்குத்தான் முதலில் சொன்னார். கேட்ட சந்தோஷத்தில் உடனே போனை எடுத்து, அக்காவின் பெயரைத் தேடினேன்.