ஊரைப் பார்க்கக் கட்டிய பெட்டி

போன மாதம் மருமகள் என்னைக் கிளேபாங் கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். இளநீரை ஐஸ்கிரீமோடு அடித்துக் கொடுப்பார்களே, அதைக் குடிக்க அங்கே அப்படி ஒரு கூட்டம். காடி, அதாவது கார், நிறுத்த இடம் தேடிக் கோடிக்குப் போனோம். சவுக்கு மரத்தடியில் இரண்டு சக்கரம் வைத்த ஒரு சின்ன மர வண்டி நின்றது. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, உள்ளே இரண்டு பேர் படுக்கிற அளவு. பின்மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு சீனப் பெண் அதற்குள்ளேயே அடுப்பு மூட்டி மீ நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தாள். நான் நேரே போய் வண்டியின் பக்கவாட்டில் மூக்கை வைத்து முகர்ந்தேன்.

"அத்தை, என்ன பண்றீங்க? ஆளுங்க பாக்கறாங்க" என்று மருமகள் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தச் சீனப் பெண் சிரித்தாள், கோபித்துக்கொள்ளவில்லை. வண்டியில் வார்னிஷ் வாசம்தான் அடித்தது. நான் தேடியது வச்சிரத்தின் நாற்றம்.

வச்சிரம் என்றால் மீனில்லை. தச்சர்கள் பலகை ஒட்டக் காய்ச்சும் பசை. மாட்டுத் தோலிலும் எலும்பிலும் செய்தது, கட்டி கட்டியாக இருக்கும். தகர டப்பாவில் போட்டுக் கொதிநீரில் வைத்து இளக்க வேண்டும். கல்யாணமாகி மலாக்காவுக்கு வந்த புதிதில் அந்த நாற்றம் பட்டாலே எனக்குக் குமட்டும். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டு, புளிப்பாக அச்சார் செய்து கொண்டுவந்து, என் வயிற்றைத் தடவிச் சிரித்தார். இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். அச்சாரோ அருமையாக இருந்தது. இரண்டு மாதம் சும்மா இருந்து சாப்பிட்டேன்.

நாங்கள் குடியிருந்தது காஜா பேராங்கில், பிள்ளை என்ற மலாக்கா செட்டிக்காரர் வீட்டின் பின்கட்டில். பல நூறு வருஷம் முன்பே வந்து மலாக்காவிலேயே கலந்துவிட்ட தமிழ் வியாபாரிகளின் வம்சம் அவர்கள். நெற்றியில் திருநீறு, வீட்டில் மாரியம்மன் படம், பொங்கலுக்குப் பொங்கல். ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான், அதுவும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். தமிழ் பத்து வார்த்தை வந்தால் அதிகம். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த எனக்கு மலாய் நன்றாகத் தெரியும் என்பதால் சமாளித்தேன். என் வீட்டுக்காரர் பஸ்ஸுக்கு மர உடம்பு கட்டும் பட்டறையில் தச்சர். பன்னிரண்டு வயதில் மாமனோடு கப்பலில் வந்தவர். நாகப்பட்டினம் பக்கத்தில் அவருடைய அம்மா இருந்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். வாசித்துவிட்டு மடித்து முண்டா பனியனுக்குள் வைத்துக்கொள்வார். என்ன எழுதியிருக்கிறது என்று நானாகக் கேட்டதில்லை.

அது மெர்டேக்கா, மலாயாவுக்குச் சுதந்திரம், வந்த வருஷம். அந்த வருஷம் தமிழாட்கள் சந்தித்துக்கொண்டால் பசியாறியாச்சா என்று கேட்பது போய், "இருக்கீங்களா, போறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரத் துரைமார் மூட்டை கட்டினார்கள். நம்மவர்களிலும் பலர் கட்டினார்கள். பட்டறையில் பஸ் வேலை குறைந்து, கப்பலுக்குச் சாமான் ஏற்றும் மரப்பெட்டி அடிக்கும் வேலைதான் அதிகம் என்று இவரே சொன்னார். அந்த நேரத்தில்தான் ஒரு நாள் மெராந்திப் பலகையும் ஒட்டுப்பலகையும் லோரியில் வந்து எங்கள் கொல்லையில் இறங்கின.

"என்னங்க இது?"

"ஒரு பெட்டி கட்டப் போறேன். முடியட்டும், ஊரைப் பாக்கப் போவோம்."

இந்த இடத்தில் நீங்கள் எனக்காகக் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஊர் என்றால் எங்களுக்கு அப்போது ஒரே அர்த்தம்தான். இந்தியா. 'ஊர்ல மழையாம்' என்றால் மலாக்காவில் மழை இல்லை. 'ஊருக்குப் போயிட்டாரு' என்றால் கப்பலேறிவிட்டார். 'ஊரைப் பாக்கப் போறது' என்றால் கேட்கவே வேண்டாம், மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாகப் போவது. நான் குருபோங் பக்கத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவள். கப்பலையே பார்த்ததில்லை. என் அம்மா அதே லயத்தில் தனியாக இருந்தார். "எல்லாருமா?" என்று மட்டும் கேட்டேன். "பின்ன, ஒன்னை விட்டுட்டா போவேன்?" என்றார், பெரிய மனது பண்ணி.

சாயங்காலம் சாயங்காலம் வேலை நடந்தது. பிள்ளை ஒத்தாசை செய்வார். பட்டறைக்கு வந்த ஏதோ ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து கிழித்த தாளொன்றைப் பிள்ளை வாசித்துச் சொல்ல, இவர் ஆணியடித்து, நூல் கட்டி, மெல்லிய சட்டத்தை வளைத்துப் பலகையில் கோடு போடுவார். அந்தத் தாள் என் கண்ணில் பட்டதில்லை, அடுப்படியைவிட்டு நான் அங்கே போய் நின்றால்தானே. இரண்டு பக்கப் பலகையும் அறுத்து நிறுத்தி, குறுக்கே விட்டம் விட்டமாகச் சட்டம் அடித்தார்கள். மேலே மூடும் ஒட்டுப்பலகை வளைய மறுத்தது. அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு, நான் வெந்நீர் கொதிக்க வைத்துக் கொடுக்க, ஊற்றி ஊற்றி வளைத்தார்கள். என்னை நாடு கடத்தும் பெட்டிக்கு நானே வெந்நீர் வைத்தேன், பாருங்கள்.

பெட்டிக்கு எதற்கு வளைவு என்று கேட்டால் "மழைத்தண்ணி நிக்காது" என்பார். ஜன்னல் வைத்தபோது எதற்கு என்றேன். "மூச்சு முட்டும்ல" என்றார். ஒரு நாள் பாயை விரித்து என்னைப் படுக்கச் சொல்லி, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை டேப் வைத்து அளந்து, நான்கு விரல் கூட்டிக் குறித்துக்கொண்டார். எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்துக் குடித்தனத்துக்காரியிடம் சொன்னேன். அவள் அனுபவஸ்தி மாதிரி, "கப்பல்ல டெக்குலதான் எடம். சாமான் பெட்டி மேலயே படுத்துக்கணுமாம், அதுக்குத்தான்" என்றாள். அவளும் கப்பலைப் பார்த்ததில்லை. பழைய காடியிலிருந்து கழற்றிய அச்சும் இரண்டு சக்கரமும் வந்தபோது, துறைமுகம்வரை இழுத்துப்போக என்று நானே விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டேன். பத்தொன்பது வயதில் எனக்கு அவ்வளவுதான் அறிவு. இப்போது மட்டும் என்ன வாழ்கிறது!

மனசு கேட்காமல் ஒரு நாள் பிள்ளையிடம், இதற்குப் பெயர் என்ன என்று மலாயில் கேட்டேன். அவர் அந்த உருவத்தைக் கையால் காற்றில் வரைந்து காட்டி, "ஆயேர் மாத்தா" என்றார். மலாயில் அது கண்ணீர். அந்தச் சாமானுக்கு ஆங்கிலத்தில் கண்ணீர்த்துளி என்றுதான் பெயராம், உருவத்தை வைத்து. அது எனக்கு எப்படித் தெரியும்? அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பிள்ளை பதறி, "அப்பா பாசா நாங்கிஸ்?" என்று ஏன் அழுகிறேன் எனக் கேட்டுக்கொண்டே தன் மனைவியைக் கூப்பிட ஓடினார். அந்த அம்மா வந்து என் வயிற்றைத்தான் தடவினார்.

இவரிடமே நேராகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கிளம்புகிறவரைப் பார்த்து எங்கே என்று கேட்டால் காரியம் விளங்காது என்று எங்கள் லயத்தில் அடித்து வளர்த்திருந்தார்கள். அதோடு, கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அழுதுவிட்டு, மஞ்சளும் அரிசியும் முடிந்து கொடுத்தார். அழைக்க வந்த மருமகனிடம் அம்மா ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் தீர்ந்திருக்கும். மாமியார் மருமகனிடம் நின்று பேசுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று வளையலை ஆட்டியதோடு சரி.

கிளம்பும் நாள் வந்தது. பிள்ளையின் காடியை இரவல் வாங்கி, எண்ணெய் போட்டுவர விடியற்காலையில் இவர் போனார். அந்த நேரத்தில் நான் பெட்டியின் பின்மூடியைத் திறந்து, அடுப்பும் இரண்டு சட்டியும் வைக்க அவர் தட்டு அடித்திருந்த இடத்தில் குடித்தனத்தையே அடைத்தேன். குத்துவிளக்கு, அம்மன் படம், முகூர்த்தப் புடவை, அஞ்சறைப்பெட்டி, அரை மூட்டை அரிசி, அம்மிக்குழவி. அம்மியைத் தூக்க முடியவில்லை. வளர்த்த மூன்று கோழிகளையும் பக்கத்துக்காரியிடம் கொடுத்தேன். அக்கம்பக்கத்துக் குடித்தனக்காரர்கள் வாசலில் நின்று அழுதார்கள். இவர் ஒன்றும் புரியாமல், "நாலு நாளைக்கு இப்பிடியா?" என்றார். பயணம் நாலு நாளாக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

கிளேபாங் தாண்டிக் கடலோரச் சடக்கில், அதான் ரோட்டில், வடக்கே போனோம். துறைமுகமும் அந்தப் பக்கம்தான். பின்னால் பெட்டி ஆடி ஆடி வந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பி ஒவ்வொரு தென்னை மரத்துக்கும் விடைகொடுத்துக்கொண்டு வந்தேன். அப்போது காட்டில் கம்யூனிஸ்டுகாரர்கள் இருந்த காலம், சடக்கில் போலீஸ் தடுப்பு சகஜம், அவர்கள் கைக்குப் போய்விடும் என்று அரிசி கொண்டுபோகவும் தடை. மாநில எல்லையில் நிறுத்தினார்கள். மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர் பின்மூடியைத் திறக்கச் சொன்னார். இவர் திறந்தார். அம்மிக்குழவி உருண்டு வந்து தரையில் விழுந்தது. போலீஸ்காரர் குத்துவிளக்கைப் பார்த்தார், அம்மன் படத்தைப் பார்த்தார், அரிசியைப் பார்த்தார். இவரும் அவற்றை அப்போதுதான் பார்த்தார்.

"பிண்டா கா?" வீடு மாறுகிறீர்களா என்று போலீஸ்காரர் கேட்டார்.

"தாக், துவான். மாவ் தெங்ஙோ நெகிரி ஜா" என்றார் இவர்.

இல்லை ஐயா, நாட்டைச் சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறோம். மலாயில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. திரும்பிப் போகிறவன் 'பாலே' என்றுதான் சொல்வான். எத்தனை மாதமாகத் தமிழில் விளங்காதது, ஒரு போலீஸ்காரரிடம் சொன்ன அரைகுறை மலாயில் விளங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது, அழுகையும் வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு சடக்கோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். போலீஸ்காரரே குழவியை எடுத்து உள்ளே வைத்து, அரிசியையும் கண்டுகொள்ளாமல், சீக்கிரம் போங்கள் என்று கையைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் போர்ட் டிக்சன் கடற்கரையில் பெட்டியை நிறுத்தினோம். மூடியைத் தூக்கி, அடுப்பு மூட்டி, கருவாடு வறுத்தேன். நடந்ததையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன், டெக்கு, அளவு, ஆயேர் மாத்தா எல்லாம். அவரும் கொஞ்ச நேரம் சிரித்தார். அப்புறம் நிறுத்திவிட்டார்.

"கப்பலுக்குன்னு நெனச்சுக்கிட்டா ஏறி ஒக்காந்த?"

"ஆமா. பின்ன என்ன செய்ய?"

"கோழியெல்லாம் குடுத்துட்டு?"

"ம்."

கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ வரமாட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றார். "இங்க பொறந்தவ, தாயார் இங்க இருக்கு, எப்பிடி வருவேன்னு நெனச்சு, அம்மாவுக்கு வரலேன்னு எழுதிப்புட்டேன். சரி, போகத்தான் போறதில்ல, இருக்கப்போற ஊரையாவது பாப்போமுன்னு இதைக் கட்டுனேன்."

எனக்கு அந்த நிமிஷம் உள்ளே பொங்கியது சந்தோஷம்தான், மறைப்பானேன்? போக வேண்டாம்! அம்மா இருக்கிறார், கோழியைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். அடுத்த நிமிஷமே அவர் முகத்தைப் பார்த்து என்னை நானே வெறுத்தேன். 'அதனாலென்ன, இப்பவும் போலாங்க' என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சரி என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். கருவாடு கருகுது என்று எழுந்துவிட்டேன். அது கருகவில்லை.

யார் யாருக்காக எதை விட்டோம் என்று எண்பது வயது தாண்டியும் எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது. நான் விட்டதாக நினைத்ததெல்லாம் திரும்பக் கிடைத்தது. அவர் விட்டது போனது போனதுதான். அதற்கப்புறமும் அந்தப் பெட்டியில் ஈப்போவரைக்கும் போனோம். நன்றாகத்தான் இருந்தோம். பிள்ளைகள் பிறந்து, பெட்டி பத்தாமல், கொல்லையில் கிடந்து கரையான் அரித்தது. வீட்டுச் சொந்தக்காரர் பிள்ளையும் அவர் மனைவியும் காலமாகிவிட்டார்கள். அந்தக் கொல்லையில் இப்போது தரை முழுக்க சிமெண்டு, ஆறு காடி நிற்கிறது. நாகப்பட்டினம் போன கப்பலும் எப்போதோ நின்றுவிட்டது.

மூத்தவனுக்கு இரண்டு வயதிருக்கும்போது அவருடைய அம்மா இறந்த தந்தி வந்தது. மொட்டையடித்துக்கொண்டார், மூன்றாம் நாள் பட்டறைக்குப் போனார். அந்த அம்மாளிடம் ஒரு போட்டோகூட எடுத்து அனுப்பச் சொல்லாமல் இருந்துவிட்டோம். பேத்தி ஒருத்தி பெரிய கண்ணும் மோவாய்க் குழியுமாகப் பிறந்தபோது, இது யார் ஜாடை என்று எல்லாரும் தேடினார்கள். அவர் குழந்தையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு என் மடியில் வைத்தார். அவருடைய அம்மாவின் முகம் எப்படியிருக்கும் என்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் வீட்டில் அவர்தான். அவரும் போய்ப் பதினோரு வருஷமாகிறது.