முருங்கை மரத்துப் பாசியும் கம்பளிப்பூச்சியும்

பாசிக்கும் கம்பளிப்பூச்சிக்கும் வித்தியாசம் தெரியாத மனிதரோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்துவது எத்தனை எரிச்சல் என்று, பள்ளிக்கூடத்தில் தாவரவியல் எடுத்த எனக்குத்தான் தெரியும்.

ஐப்பசி மழை விட்டிருந்த சமயம். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ரத்தம் ரொம்பக் குறைவு, தினமும் முருங்கைக்கீரை கொடுங்கள் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கொல்லையில் நின்ற ஒற்றை மரத்தை நம்பி இருந்தோம்.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் மூங்கில் கழியில் பழைய துணியைச் சுற்றி மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டிருந்தார். முருங்கையில் கம்பளிப்பூச்சி அப்பினால் எங்கள் பக்கம் தீப்பந்தம் காட்டுவது வழக்கம். போன வருஷம் அப்படிக் காட்டித்தான் ஒரு கிளையையே கருக்கி வைத்தார்.

"அடிமரத்துல அப்பிக் கெடக்கு, வந்து பாரு."

போய்ப் பார்த்தால், பழுப்பாகக் காய்ந்த பாசி! தலையில் அடித்துக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினேன். சற்று நேரத்தில் பச்சையாக விரிந்தது.

"இது பாசிங்க. இதுக்கு வேரும் இல்ல, வாயும் இல்ல. மேல விழுற தண்ணியக் குடிச்சிட்டு சும்மா கெடக்கும். அந்துப்பூச்சி முட்டையில வர்ற புழுதான் ராத்திரி இலையத் தின்னுட்டு, பகல்ல அடிமரத்துல வந்து கும்பலா ஒண்டும். தொட்டா நெளியும். அம்புட்டுத்தான். பந்தத்தக் கீழ போடுங்க."

"அந்தப் பக்கமும் இருக்கு."

"அதுவும் இதேதான்!"

அந்தப் பக்கம் பார்க்கக் குளியலறைத் தண்ணீர் தேங்கிய சேற்றில் இறங்க வேண்டும். நான் இறங்கவில்லை. அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த மூன்று நாளும் அடைமழை. நான்காம் நாள் கீரை பறிக்கப் போனால், மரத்தில் வெறும் ஈர்க்குதான் மிச்சம். சேற்றில் இறங்கி மறுபக்கம் பார்த்தேன். அந்தப் பழுப்பு நெளிந்தது.

அவர் ஒரு வார்த்தையாவது திட்டியிருக்கலாம். பையை எடுத்துக்கொண்டு மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். அதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

மகள் வயிற்றைப் பிடித்தபடி பின்வாசலில் வந்து நின்றாள். "யம்மா, இன்னைக்குப் பாசியப் பொரிச்சுத் தாரியா?" என்று சிரித்தாள். சிரித்த உதட்டில் துளி ரத்தமில்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.