பிழையில்லாத ஒரு மெசேஜ்

இன்று காலை எழுவைதீவுப் படகில் பக்கத்தில் இருந்த அக்கா, நான் ஆங்கிலம் படிப்பிக்கிறவள் என்று தெரிந்ததும் தன் போனை நீட்டினார்.

“ரீச்சர், இது சரியோ எண்டு ஒருக்காப் பாருங்கோ.”

கனடாவில் இருக்கும் தம்பியின் பிள்ளைகளுக்கு எழுதிய மெசேஜ். தம்பி காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. மாதா கோயில் கொடியேற்றத்துக்கு வரச்சொல்லி எழுதி, ‘மை டோர் இஸ் ஆல்வேஸ் ஓப்பன்’ என்று முடித்திருந்தார்.

“கதவைப் பூட்டாமல் விடுறன் எண்டு நினைச்சிடுவினமோ?”

“இல்லை அக்கா. எப்ப வந்தாலும் இது உங்கட வீடுதான் எண்டு விளங்கும். அங்கத்தைய ஆக்களும் இப்பிடித்தான் எழுதுவினம்.”

“வேற பிழை?”

“ஒண்டும் இல்லை.”

அக்கா போனை வாங்கி, திரையில் பட்டிருந்த உப்புத் தண்ணீரைச் சட்டையில் துடைத்தார்.

“மூண்டு வருசமா இதைத்தான் அனுப்புறன் ரீச்சர். என்ர இங்கிலீஸ் பிழையாக்கும், அதுதான் பதில் வரேல்லை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.”

நாள் முழுக்கச் சிவப்புப் பேனையோடு திரிகிறவள் நான். கொப்பிகளில் இல்லாத பிழையையும் கண்டுபிடிப்பேன் என்று பிள்ளைகள் சொல்வார்கள். அந்த மெசேஜில் ஒன்றையாவது கண்டுபிடித்திருக்கலாம்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், கீழே கமெண்ட் போடுவதற்கு முன் உங்கள் பிள்ளைகளின் போனை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஊரில் இருந்து ஒரு மாமி நல்ல ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்.