இரண்டு பெட்டிக்கு ஒரு ரிசீவர்

மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனன் ஒரு ஜோடி ஸ்பீக்கர் கொண்டுவந்தான். புத்தக அலமாரியில் அடங்குகிற சின்னப் பெட்டிகள், புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்றே அவற்றுக்குப் பெயர். கயிறு சுற்றிய அட்டைப்பெட்டியின் மேல் மார்க்கரால் எங்கள் வீட்டு விலாசத்தை எழுதியிருந்தான். பெயர் மட்டும் என் மனைவியின் பெயர்.

"அக்காவுக்காக்கும் அத்தான். அவ பாட்டு கேக்கட்டும்" என்றான்.

நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் வருகிற எந்த மின்சாதனமும் ஆண்பிள்ளையின் பொறுப்பு என்பது எங்கள் பக்கத்து ஆண்களின் நம்பிக்கை. மிக்ஸிக்கு மட்டும் விலக்கு உண்டு.

ஸ்பீக்கர் தானாகப் பாடாது. பாட்டை வாங்கி, பலப்படுத்தி, பெட்டிகளுக்கு அனுப்ப ஒரு ரிசீவர் வேண்டும். முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் டெண்டர் கோப்பு பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்குமா? ஒரு நோட்டு வாங்கி ஒப்பீட்டுப் பட்டியல் போட்டேன். எத்தனை வாட், எத்தனை ஓம், எத்தனை சேனல், புளூடூத் உண்டா, டிவியோடு சேருமா. இணையத்தில் யார் யாரோ சண்டை போட்டுக்கொண்டதை எல்லாம் உட்கார்ந்து படித்தேன். நான்கு மாதம் ஓடியது. பெட்டிகள் அலமாரியில் ஊமையாக இருந்தன. மனைவி அவற்றின் மேல் தூசி துடைப்பாள்.

அவளிடம் ஒரு பென் டிரைவ் இருந்தது. கல்யாணத்துக்கு முந்திய கிறிஸ்மஸில், பக்கத்து ஊரில் அவளுடைய சபையின் பாடகர் குழு பாடிய கேரல் ஆராதனை அதில் இருந்தது. மைக் செட்காரர் கோவிலுக்குள் இடது பக்கம் ஒன்றும் வலது பக்கம் ஒன்றுமாக இரண்டு மைக் வைத்து கேசட்டில் பதிந்தது. கேசட் பூஞ்சை பிடிப்பதற்கு முன்னால் மகள் அதை மாற்றிக் கொடுத்திருந்தாள். அந்தப் பாட்டை நல்ல பெட்டியில் ஒரு தடவை கேட்க வேண்டும். மனைவிக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அந்த ஆராதனை எனக்கும் வேண்டியதுதான். நான் பெண் பார்த்தது அங்கேதான். வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் ஆள் எப்படி என்று தெரியட்டும் என்று என் சித்தப்பா கூட்டிப்போனார். கடைசி பெஞ்சில் இருந்துகொண்டு, "நடு வரிசையில நீல சாரி" என்று காதில் சொன்னார். அந்த நேரம் பாட்டின் நடுவே மற்ற குரல்கள் எல்லாம் தணிய, ஒரு பெண் குரல் மட்டும் தனியாக மேலே ஏறியது. கோவில் முகட்டைத் தொட்டு இறங்கியது. நீல சாரி வாயைத் திறந்திருந்தாள். இவள்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் குழுவில் அதிக நாள் பாடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம்தான் பயிற்சி இருக்கும். ராத்திரிச் சோற்றுக்கு யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அவள் திரும்பி வரும்போது நான் உட்கார்ந்திருந்த விதம் அதைக் கேட்டிருக்கும். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ நின்றுவிட்டாள். நிறுத்தச் சொன்னது நான் அல்ல என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பட்டியல் முடிந்ததும் இரண்டு பேருமாக நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் தேங்காப்பட்டணத்துக்காரர். சவூதியில் தமாமில் பத்துப் பன்னிரண்டு வருடம் இதே வேலை பார்த்தவர். முதலில் ஒரு சின்ன ரிசீவரைக் காட்டினார். இரண்டு சேனல்தான். முன்பக்கத்தில் மூன்று குமிழ், வேறு அலங்காரம் கிடையாது. மனைவி பைக்குள்ளிருந்து பென் டிரைவை எடுத்துக் கொடுத்தாள். பாட்டு ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

"இது போரும். நடுவுல உள்ளதும் கேக்குது" என்றாள்.

"அம்மா சொன்னதாக்கும் சரி" என்றார் கடைக்காரர். "ரெண்டு பெட்டிக்கு இது தாராளம். கொள்ளாம் சாரே, நல்ல சாமானாக்கும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. நான்கு மாதம் பட்டியல் போட்டவன் நான். ஒரு நிமிஷம் கண்ணை மூடி நின்றவள் முடிவு சொல்வதா? என் நோட்டில் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தது ஏழு சேனல் ரிசீவர். மைத்துனன் வீட்டில் இருப்பதும் அப்படி ஒன்றுதான் என்று போட்டோவில் பார்த்திருந்தேன். "பாட்டுக்கு மட்டும் வாங்கினா போருமா? நாளைக்கு சினிமா பாக்கணும், அஞ்சு ஸ்பீக்கர் வைக்கணும்" என்றேன். அவள் பென் டிரைவைத் திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பெரியதையே வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மாட்டும்போது டிவி திரையில் அது வரிசையாகக் கேள்வி கேட்டது. இடது பெட்டி உண்டா? வலது உண்டா? நடுப் பெட்டி உண்டா? பின்னால் இரண்டு உண்டா? எல்லாவற்றுக்கும் 'உண்டு' என்று கொடுத்தேன். எப்படியும் வாங்கத்தானே போகிறோம். எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியில் கம்பியை நீட்டி விட்டுவைப்பான், பிறகு மாடி எடுக்கலாம் என்று. கம்பி துருப்பிடிக்கும், மாடி வராது. என் மூன்று பெட்டிகளும் அப்படித்தான் வராமல் போயின.

அந்தக் கிறிஸ்மஸுக்கு உறவினர்கள் வந்திருந்தபோது அவளுடைய கேரலைப் போட்டேன். சத்தம் இரண்டு பக்கமும் விரிந்து வீட்டை நிறைத்தது. தனிக்குரல் ஏறிய இடம் வந்ததும் கையைத் தூக்கி எல்லாரையும் அடக்கினேன். "இது யாருன்னு நினைக்கிய? நம்ம வீட்டம்மையாக்கும்" என்றேன். எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் டீ போட உள்ளே போய்விட்டாள். அடக்கம் என்று நினைத்தேன். இப்படி எத்தனை வீடுகளில், எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று இன்றைக்கு எண்ணிப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு ஒரே ஒரு தடவை சொன்னாள். "கடையில கேட்ட மாதிரி இல்ல. நடுவுல ஒண்ணுமே இல்லியே."

"அது சரவுண்டாக்கும். அப்படித்தான் இருக்கும்" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பென் டிரைவை அவள் கேட்கவே இல்லை. மூன்று வருடம் அந்த ரிசீவரில் நான் கிரிக்கெட் பார்த்தேன். வர்ணனை கூட்டத்தின் இரைச்சலுக்குள் அமுங்கிக் கிடந்தது, அதையும் சரவுண்ட் என்றே எடுத்துக்கொண்டேன்.

போன ஐப்பசியில் ஒரு மின்னல் வெட்டில் ரிசீவர் செத்தது. பழைய கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு போனேன். பத்து நாளில் பழுது பார்த்துவிட்டு, ஓடுகிறதா என்று திரையில் போட்டுப் பார்த்த கடைக்காரர் சிரித்தார்.

"சாரே, அஞ்சு பெட்டி உண்டுன்னு போட்டிருக்கியளே. நடுப் பெட்டி எங்க?"

"வாங்கல்ல."

"அப்ப மூணு வருஷமா நடுவுல வாற குரலெல்லாம் இல்லாத பெட்டிக்கில்லா போயிட்டிருந்துது. இது பாட்டைப் பிரிச்சு அனுப்பும் சாரே. உண்டுன்னு சொன்னா நம்பும்."

எனக்குக் காது சூடாயிற்று. அவள் கடையில் சொன்னதும், வீட்டில் சொன்னதும் ஒன்றாக ஞாபகம் வந்தன. பெரியதை அவரிடமே கொடுத்துவிட்டு, மூன்று குமிழ் வைத்த சின்ன ரிசீவரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவள் சமையல்கட்டில் இருந்தாள். நேராகப் போய் மாட்டி, அவளுடைய பையில் தேடிப் பென் டிரைவை எடுத்துப் போட்டேன்.

முதல் வரியிலேயே வித்தியாசம் தெரிந்தது. இடதுக்கும் வலதுக்கும் நடுவே, அலமாரியில் வெறும் புத்தகங்கள் இருந்த இடத்திலிருந்து, மனிதர்கள் பாடினார்கள். தணிந்த பெண் குரல்கள். சமையல்கட்டில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது. பிறகு அங்கிருந்தும் ஒரு குரல் வந்தது. அவள் கூடவே முனகிக்கொண்டிருந்தாள். ராகத்தை அல்ல. ராகத்துக்குக் கீழே, ராகத்தைத் தாங்கிக்கொண்டு போகிற வேறொரு வரியை. ஒரு சுரம் பிசகவில்லை. தனிக்குரல் மேலே ஏறியபோது அவள் ஏறவில்லை. கீழே ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

நான் எழுந்து சமையல்கட்டு வாசற்படிக்குப் போனேன்.

"அப்ப அந்தத் தனிக்குரல்?"

"அது ஹெட்மாஸ்டர் மகளாக்கும். சொப்ரானோ. இடது பக்கம் நிப்பா. நான் ஆல்டோ. ஆல்டோ நடுவுலயில்லா நிக்கும்."

"இத்தனை வருஷம் ஏன் சொல்லல்ல?"

அவள் திருவிய தேங்காயைக் கையால் கூட்டிச் சேர்த்தாள். "நீங்க எல்லாருட்டயும் அவ்வளவு சந்தோஷமா சொல்லிட்டிருந்திய. நான் என்னத்தச் சொல்ல?"

நானும் சபைக்காரன்தான். பெண்களின் மேல்குரல் சொப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ, ஆண்களுக்கு இரண்டு என்று, சின்ன வயதிலிருந்து நாலு குரலில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன். நடு வரிசையில் நிற்கிறவள் எந்தக் குரல் என்பது எனக்குத் தெரியாமல் போக நியாயமே இல்லை. நான் கேட்கவில்லை. இன்னொரு பெண்ணின் குரலைக் கேட்டு இவளைக் கட்டிக்கொண்டு, அந்தக் குரலை இவள் தலையில் சூட்டி, ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் அதை ஒரு குறையாகக்கூடச் சொல்லாததுதான் தாங்க முடியவில்லை.

பாட்டு முடிந்தது. ஏதாவது செய்து சரிக்கட்டிவிட வேண்டும் என்கிற அவசரத்தில், "உன் பாகத்தை மட்டும் ஒரு தடவை பாடேன். கேக்கணும் போல இருக்கு" என்றேன்.

அவள் யோசித்தாள். வாயைத் திறந்து ஒரு வரி தொடங்கினாள். இரண்டே சுரத்தில் திரும்பத் திரும்ப நடக்கிற, பாட்டு மாதிரியே இல்லாத ஒரு வரி. பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"ஆல்டோவத் தனியாப் பாடினா ஒண்ணுமில்ல. கூட மத்த மூணு குரலும் வேணும். அப்பத்தான் அது பாட்டு."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அந்த மூன்று குரல்களின் நடுவிலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தவன், வாசற்படியில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.