முப்பத்திரண்டு மேசைக்கால்கள்

பஞ்சர் கடையைத் தாண்டும்போது என் கால்கள் தாமாகவே தயங்கும். நேற்றும் அப்படித்தான். பழைய ட்யூபைச் சுரண்டி, பசை தடவி ஊதிக்கொண்டிருந்தார் கடைக்காரர். அந்த வாசனை என்னைப் பெரிய காஞ்சிபுரத்து மாடி ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தியது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த மாடி.

எட்டு மிஷின்கள், எல்லாமே என்னைவிட மூத்தவை. தாள் சுற்றும் உருளையின் ரப்பர் காய்ந்து கல்லாகியிருந்ததால் ஒவ்வொரு எழுத்தும் சுத்தியலடியாக விழும். அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு பெருமை வேறு!

கீழ்வீட்டில் தறிக்காரக் குடும்பம்; தறி இருந்தது வேறு தெருவில். அந்த வீட்டு சுலோசனாவுக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்துவிட்டது. என் வயதுக்காரிதான். ஒருநாள் மாடியேறி வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், நீங்க தட்டத் தட்ட புள்ளைக்குத் தூக்கிவாரிப் போடுதும்மா. பால் குடிச்சிக்கினே இருக்கும், அப்படியே உட்டுட்டு அழுவுது. எடையே ஏறலேன்றாரு டாக்டரு."

பரீட்சைக்கு மூன்றே வாரம். இன்ஸ்டிட்யூட் முதலாளியிடம் சொன்னால், "சத்தம் ரோட்ல கேட்டாத்தாம்மா நாலு பேரு சேருவாங்க" என்றார்.

நானே மேசைகளுக்கு அடியில் கோணிப்பையை மடித்துப் போட்டேன். மேசை ஆடி, ஒரு மிஷின் மாணவியின் மடியில் விழப் பார்த்தது. சத்தம் கேட்டு மேலே வந்த சுலோசனா அத்தனை கவலையிலும் சிரித்துவிட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து மேசைக்காலில் உள்ளங்கையை வைத்தாள்.

"அடிங்க டீச்சர்."

அடித்தேன். கையைத் தரைக்கு மாற்றினாள்.

"இந்தக் காலு வழியாத்தான் எறங்குது. இத்த நிறுத்துங்க, போதும்."

அன்றே பழைய சைக்கிள் ட்யூப் வாங்கி வந்து, வெட்டி, நாலு மடிப்பாக ஒட்டி, முப்பத்திரண்டு கால்களுக்கும் செருப்பு மாட்டினோம். மிஷின்களுக்கு அடியில் கம்பளித் துண்டு. மறுநாள் எட்டுப் பேரையும் ஒரே சமயத்தில் அடிக்கச் சொல்லிவிட்டு, நான் படியில் நின்று கேட்டேன். கீழேயிருந்து அழுகை வரவில்லை.

பரீட்சை முடிந்து ஒரு வாரம் விடுமுறை விட்டோம். மூன்றாம் நாள் மதியம் என் வீட்டு வாசலில் சுலோசனா நின்றாள். தோளில் பிள்ளை, கன்னமெல்லாம் உப்பிப்போய்.

"எப்ப தொறப்பீங்க டீச்சர்? மேல லேசா லொட்டு லொட்டுன்னு கேட்டாத்தான் தூங்குவேன்றான்."

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். ஒற்றை ஆளாக உட்கார்ந்து, முதல் பாடமான, யாருக்கும் தேவையில்லாத ஏ எஸ் டி எஃப்பை ஒரு மணி நேரம் அடித்தேன்.

இப்போது அந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். மிஷின்கள் பழைய இரும்புக்குப் போய்விட்டன. சுலோசனா எங்கே இருக்கிறாளோ. அந்த மெல்லிய லொட்டு லொட்டு எப்படி இருந்தது என்று சொல்ல எங்கள் இருவரையும் விட்டால் ஆளில்லை. கேட்டுத் தூங்கியவனுக்கு நினைவிருக்காது.